சளிக்காரன்

பிலிம் வெட்டும் அறையில் வெளிச்சம் கிடையாது,
சிவப்பு பல்பு கூட.
கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான்.
இடித்துக்கொள்ளாமல் இருக்க
ஆளுக்கொரு பாட்டு வைத்திருந்தோம்.
நேசையன் எதிரே வந்தால் முதலில் ஞானப்பாட்டு வரும்.
யூனியன் ரங்கசாமி வாயில் எப்போதும் ஊர்வலம்.
சீட்டியடித்தபடி ஒருவன் கடந்து போவான்,
வேறு ஷிப்ட், முகம் பார்த்ததே இல்லை.
பெள்ளிக்கும் எனக்கும் சளிக்காரன்.

குன்னூர் ஏலத்தில் வந்த கேசட் அது.
ஊருக்குப் போய்விட்ட ஏதோ எஸ்டேட் துரையின்
அலமாரிச் சாமான்களோடு:
நாலு கம்பளி, ஒரு தூண்டில், இவன்.
பேர் எழுதிய தாளைப் பூசணம் தின்றிருந்தது.
கிதார் முதலில் ஏதோ கேட்கும்,
அவன் தொண்டையைச் செருமிப் பதில் சொல்வான்,
சொன்னதையே மறுபடி சொல்வான்.
ஊட்டி ஜனவரியில் பிறந்தவன் மாதிரி ஒரு நெஞ்சுக்கட்டு.
எங்கள் இங்கிலீஷ் லீவ் லெட்டர் அளவுக்குத்தான்.
"பொண்டாட்டி போயிட்டா போல" என்பான் பெள்ளி.
"இல்ல, ரயில் போயிடுச்சு" என்பேன்.
ரெண்டில் எது போனாலும்
கம்பியை அப்படித்தான் வளைக்க வேண்டும்.

பி பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கத்துவார்கள்.
இரவு ஷிப்டில் தூங்கிவிடாமலிருக்க
கேண்டீனில் அதைப் போடுவோம்.
டிரம்காரன் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவான்.
ஒருதடவை வாட்ச்மேன்
யாரையோ அடிக்கிறார்கள் என்று தடியோடு ஓடிவந்து
டீ குடித்துவிட்டுப் போனார்.

உறைபனி நாட்களில் டேப் நகராது.
காய்ச்சல் பார்க்கிறவன் போல
கேசட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு
பஸ்ஸில் வந்திறங்குவான் பெள்ளி.
பேட்டரியைக் கரியடுப்போரம் வைப்போம்.
அப்படியும் பாட்டு இழுத்துக்கொண்டுதான் வரும்,
ஏற்றத்தில் முட்டைக்கோஸ் லாரி மாதிரி.

"பன்னெண்டு கட்டம், எண்ணிப்பாரு."
கண்டுபிடித்தவன் அவன்தான்.
பன்னிரண்டு முடிந்தால் பாட்டு வீடு திரும்பிவிடும்.
வெட்டும் மெஷினிலிருந்து பேக்கிங் ஜன்னல் வரை
சரியாக அதே தூரம்.
முணுமுணுத்துக்கொண்டே நடந்து
கையை நீட்டினால் ஜன்னல்.

ஒரு மழைக்காலம் டேப்பை ரிக்கார்டர் மென்றது.
கசங்கியதை வெட்டியெறிந்து
பிலிம் ஒட்டுகிற நாடாவால் சேர்த்தான்.
ஸ்டோர் கணக்கில் எழுதவில்லை.
அன்றிலிருந்து பதினொன்று.
நாங்கள் பாட்டைத் திருத்தவில்லை,
காலை அகட்டிப் போட்டோம்.

பிறகு உலகம் பிலிமை விட்டுவிட்டது.
சங்கு நின்றது.
செட்டில்மெண்ட் பணத்தில் பெள்ளி
தும்மனட்டியில் கேரட் போட்டான்.
நான் வாங்கிய வீட்டில்
இன்றுவரை ஈரம் காயவில்லை.

போன வாரம்
என் முணுமுணுப்பைப் போனுக்குக் கேட்கவைத்து
மூன்றாம் முயற்சியில் மருமகன் பிடித்துவிட்டான்.
யாரோ ஒரு பொடியன் பாடினான்.
சளி இல்லை. இருபத்தைந்தைத் தாண்டாத குரல்.
என்ன வேகம்!
எங்கோ நல்ல வெயிலில் நின்று பாடுகிறான்.
பன்னிரண்டும் இருந்தது.
இத்தனை வருஷம் நாங்கள் தாண்டிப்போன கட்டத்தில்
என்னவோ சொல்லியிருக்கிறான் என்றிருந்தேன்.
பாடவே இல்லை.
மூச்சு வாங்கினான், அவ்வளவுதான்.

பெள்ளியைக் கூப்பிட்டு அருகில் பிடித்தேன்.
அந்தப் பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் சுற்றுகிற சத்தம்.
முழுசும் கேட்டான்.
"யாருடா இந்தப் பையன்?"

விளக்கை அணைத்தேன், ஏனென்று தெரியாது.
மெதுவாக, லாரி ஏறுகிற மாதிரி ஆரம்பித்தேன்.
நாலாவது கட்டத்தில் செருமிக்கொண்டு
அவனும் சேர்ந்தான்.
பதினொன்றில் ரெண்டு பேரும் நின்றோம்.
என் கை நீண்டிருந்தது.
தொட்டது எந்தச் சுவர் என்று
விளக்கைப் போட்டால்தான் தெரியும்.